ஏழாம் கட்டிலின் காலைச் சீசா

1983, ஆகஸ்ட். புதன்கிழமை காலை 7.40.

ஏழாம் கட்டில் குழந்தையின் மூத்திரத்திலிருந்து புரதம் காணாமல் போயிருந்தது.

நகை காணாமல் போனால் போலீசுக்குப் போகலாம். ஆள் காணாமல் போனால் ஊரைக் கூட்டித் தேடலாம். மூத்திரத்தில் புரதம் காணாமல் போனால் யாரும் தேடுவதில்லை, சந்தோஷப்படுகிறார்கள். அன்றைக்கும் ஆஸ்பத்திரியில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். லேபில் இருந்த ஷஹர்பானுவும் முதலில் அப்படித்தான் சந்தோஷப்பட்டாள்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையை ஒட்டி, பன்னிரண்டு கட்டில்களோடு ஒரு டிரஸ்ட் நடத்திவந்த குழந்தைகள் ஆஸ்பத்திரி அது. மாடியில் வார்டு. மாடிப்படிக்குக் கீழே லேப். முன்பு அது விறகு போட்டுவைத்த அறை. ஜன்னல் ஒன்று, ஸ்டூல் ஒன்று, ஸ்பிரிட் விளக்கு ஒன்று. பன்னிரண்டு வருடமாக அந்த அறையில் ஷஹர்பானு ஒருத்திதான். ஆட்கள் யாரும் அங்கே வரமாட்டார்கள், சீசாக்கள் மட்டும் வரும். ஒவ்வொரு சீசாவிலும் பிளாஸ்திரி ஒட்டிக் கட்டில் எண் எழுதியிருக்கும். மாடியில் இருக்கும் குழந்தைகளின் முகம் அவளுக்குத் தெரியாது. மூன்றாம் கட்டிலுக்குச் சீழ், ஒன்பதாம் கட்டிலுக்கு ரத்தம் என்று மட்டும் தெரியும்.

வயது நாற்பத்து மூன்று. ஜவுளிக்கடை வைத்திருந்த புருஷன் பரக்கத் அலி இறந்து ஒன்பது வருடம். பிள்ளை இல்லை. சில நாட்களில், காலையில் ஆயாவிடம் சீசாத் தட்டைக் கொடு என்று கேட்டதைத் தவிர, பொழுது சாயும்வரை ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டாள். அதைப் பற்றி அவள் புகார் சொன்னதில்லை. சொல்ல ஆள் இல்லை என்பதும் ஒரு காரணம்.

ஏழாம் கட்டிலில் பாவாயி, வயது ஆறு, மல்லசமுத்திரம் பக்கம். உடம்புக்கு வேண்டிய புரதத்தைப் பிடித்துவைக்க வேண்டிய சிறுநீரகம் அதை மூத்திரத்தில் ஒழுகவிடுகிற வியாதி. புரதம் போகப் போக உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். கண் இமை வீங்கும், கால் வீங்கும், வயிறு உப்பும். அதற்கு ஒரு மாத்திரை உண்டு. மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்கக் காலை மூத்திரத்தைக் குழாயில் ஊற்றிக் கொதிக்கவைப்பார்கள். புரதம் இருந்தால் முட்டை வெந்ததுபோல் வெள்ளையாகத் திரளும். பாவாயியின் குழாய் பதினெட்டு நாளாகக் கெட்டியாகத் திரண்டுகொண்டிருந்தது.

புதன்கிழமை திரளவில்லை. தண்ணீர்போலத் தெளிந்திருந்தது.

ஷஹர்பானு வழக்கம்போல் சர்க்கரையும் பார்த்தாள். நீல மருந்தில் எட்டுச் சொட்டு விட்டுச் சூடாக்கினால், சர்க்கரை இல்லாதபோது நீலம் அப்படியே நிற்கும். இது செங்கல் நிறத்துக்குப் போனது. இரண்டையும் சீட்டில் எழுதி மேலே அனுப்பினாள்.

டாக்டர் தங்கசாமி கெட்டிக்காரர், அவசரக்காரர். மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது, அந்த மாத்திரையே சில பேருக்குச் சர்க்கரையையும் ஏற்றும் என்றார். இன்னும் இரண்டு நாள், ஆக மூன்று நாள் தொடர்ந்து தெளிந்திருந்தால், சனிக்கிழமை மாத்திரையைப் பாதியாக்கி வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

வியாழக்கிழமை 7.45. புரதம் இல்லை. சர்க்கரை செங்கல்.

இந்த முறை ஷஹர்பானு சீசாவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கழுத்துவரை நிறைந்திருந்தது. போன வாரம்வரை இந்தக் கட்டிலிலிருந்து இரண்டு விரல் உயரம் வந்தாலே பெரிது. அதுவும் சோப்புத் தண்ணீர்போல நுரைத்திருக்கும். இதில் நுரை இல்லை, நிறமும் வெளுப்பு. ஆனால் அடர்த்தி காட்டும் மிதவையைப் போட்டுப் பார்த்தால் கனமான மூத்திரம்.

டாக்டரிடம் போய்ச் சொன்னாள். கோத்திருந்த நீர் வடிகிறது, அதனால்தான் நிறைய. சர்க்கரை இருப்பதால் கனம் என்றார். அவர் சொன்ன ஒவ்வொன்றும் புத்தகப்படி சரி. ஆனாலும் அவளுக்கு மனம் ஆறவில்லை.

போன வருடம் பதினோராம் கட்டிலில் ஓமலூர்ப் பையன் ஒருவன் இதே வியாதியோடு இருந்தான். குணமாகிவிட்டது என்று வீட்டார் தாங்களாகவே மாத்திரையை நிறுத்தினார்கள். ஒன்பதாம் நாள் வயிற்றில் சீழ் பிடித்துக் கொண்டுவந்தார்கள். இரண்டு நாள் அவன் சீசா வந்தது. மூன்றாம் நாள் தட்டில் பதினோராம் எண் இல்லை. முகம் தெரியாத அந்தப் பையனுக்காக ஷஹர்பானு இந்த அறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அது யாருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை 7.40. புரதம் இல்லை. சர்க்கரை செங்கல். மூன்று நாள் கணக்கு முடிந்தது.

10.15. ஷஹர்பானு மாடி ஏறினாள்.

பாவாயி கட்டிலில் சப்பணமிட்டு உட்கார்ந்து, போர்வை நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். முகம் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. அது மாத்திரையாலும் வரும். ஷஹர்பானு முகத்தைப் பார்த்துவிட்டுக் கீழே காலைப் பார்த்தாள். வெள்ளித் தண்டை கணுக்காலில் பதிந்து, தள்ளினால் நகரவில்லை. விரலால் அழுத்தினாள், குழி விழுந்து அப்படியே நின்றது. நீர் வடிந்திருந்தால் தண்டை கழன்று ஆடியிருக்க வேண்டும்.

பக்கத்தில் தாய் கண்ணாத்தாள் நின்றாள். இருபத்தெட்டு வயது இருக்கும். பிள்ளைக்காகத் தேய்ந்துபோன தாய்மாரில் ஒருத்தி. தொளதொளத்த ரவிக்கையை ஊக்கு குத்தி இறுக்கியிருந்தாள், கால் பெருவிரலில் பழந்துணி சுற்றியிருந்தது. கட்டிலடியில் அவர்களுடைய சாமான் என்று ஒரு துணிப்பை, ஒரு சொம்பு. எண்ணெய் காணாத பாவாயியின் தலை பறட்டையாக நின்றது. ஆனால் சொம்பின் உள்விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கு மின்னியது.

“காலையில சீசாவுல புடிக்கறது யாரும்மா?”

“நாந்தானுங்க அக்கா.”

“எத்தனை மணிக்கு?”

“அஞ்சரைக்குங்க.”

“அப்புறம் சீசா?”

“கட்டலுக்கு அடியில வெச்சிருவனுங்க. ஏழு மணிக்கு ஆயா எடுத்துட்டுப் போவாங்க.”

“அதுவரைக்கும் இங்கயேதான் இருப்பியா?”

கண்ணாத்தாள் சற்றுத் தயங்கினாள். “கோயலுக்குப் போயிட்டு வருவனுங்க.”

ஆக, ஒரு மணி நேரத்துக்கு மேல் சீசா கேட்பாரற்றுக் கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம்.

11.30. ஆயா ராமாயியின் முறை. அவளுக்கு விசாரணை பிடிக்கவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்குவதோடு தன் வேலை சரி, ஒரு சீசாவைக் கொட்டிவிட்டு இன்னொன்றிலிருந்து நிரப்பும் பழக்கம் தனக்கு இல்லை என்றாள். சந்தேகம் இருந்தால் நர்ஸ் பழனியம்மாளையும் கேள் என்றாள். பிறகு சொந்தக் குறைகளுக்குப் போனாள். சம்பளம், முட்டிவலி, உடைந்த பக்கெட். வார்டுப் பானையில் முன்பெல்லாம் ஒரு தரம் தண்ணீர் ஊற்றினால் விடியும்வரை போதும். இப்போது இரண்டு தரம் தூக்கவேண்டியிருக்கிறது. ஏழாம் கட்டில்காரியைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. வெசனத்தில் எளைத்து, நாராய்ப் போய்விட்டாள். புருஷன் காளியப்பன் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியோடு ஒரிசா போய் எட்டு மாதம், ஒரு கடுதாசி இல்லை.

ஷஹர்பானு ராமாயியிடமும் பழனியம்மாளிடமும் அவரவர் மூத்திரத்தில் ஆளுக்கொரு சீசா கேட்டு வாங்கினாள். பழனியம்மாள் சிரித்துக்கொண்டு கொடுத்தாள், ராமாயி திட்டிக்கொண்டு கொடுத்தாள். மருந்து இரண்டிலும் நீலமாகவே நின்றது. காலையில் வந்த மற்றப் பதினோரு குழந்தைகளின் சீசாவும் நீலம்தான்.

பிற்பகல் 3.00. கண்ணாத்தாள் துணி துவைக்கப் போயிருந்த நேரம். ஷஹர்பானு தானே பாவாயியைக் கூட்டிப்போய், தன் கையாலேயே சீசாவில் பிடித்தாள். இரண்டு விரல் உயரம், நுரை. லேபுக்கு வந்து விளக்கைக் கொளுத்தினாள். குழாய் கொதித்ததும் வெள்ளையாகத் திரண்டது. அமிலம் மூன்று சொட்டு விட்டும் கரையவில்லை. புரதம்தான், முன்னைப்போலவே கெட்டியாக. நீல மருந்தில் விட்டாள். நீலம் அசையவில்லை.

பாவாயிக்குப் புரதம் எங்கேயும் போகவில்லை. சர்க்கரை வரவும் இல்லை. மூன்று நாளாகக் காலையில் வந்தது வேறு யாருடையதோ.

வார்டில் வேறெந்தக் குழந்தைக்கும் சர்க்கரை இல்லை; ஆக, அது குழந்தை இல்லை, பெரிய ஆள். அந்த ஆளுக்குச் சர்க்கரை வியாதி. இதுவரை தெரிந்தது. யார், எதற்கு என்று தெரியவில்லை. ஒரு குழந்தையின் மூத்திரத்தைத் திருடி யாருக்கு என்ன ஆகப்போகிறது? நாளைக் காலை ஒன்பது மணிக்கு டாக்டர் கையெழுத்துப் போட்டுவிடுவார். பாவாயி பாதி மாத்திரையோடு பஸ் ஏறுவாள்.

மாலை 6.45. ஷஹர்பானு வீட்டில் தனக்கு மட்டும் ஒரு டம்ளர் டீ போட்டாள். இரண்டு டம்ளருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, பிறகு பாதியைக் கொட்டுவது ஒன்பது வருடமாக விடாத பழக்கம். அன்றைக்கும் கொட்டப் போனவள், பாத்திரத்தில் இருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கழுத்துவரை நிறையும் சீசா. அவ்வளவு போகிற ஆள் எவ்வளவு குடிக்க வேண்டும்? டீயை அடுப்பிலேயே மறந்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை 6.20. செவ்வாய்ப்பேட்டைச் சந்து வழியாக நடந்தாள். தினமும் நடக்கிற வழிதான். மயில்சாமி வைத்தியர் வீட்டு வாசலில் எப்போதும்போல நாலைந்து பேர் சொம்பும் கையுமாகக் காத்திருந்தார்கள். உள்ளே வெயில் விழும் இடத்தில் வைத்தியர் ஒரு வெள்ளைக் கிண்ணத்தின்மேல் குனிந்திருந்தார். ஷஹர்பானு ஒரு நிமிடம் நின்று பார்த்தாள். பிறகு வேகமாக நடந்தாள்.

8.15. லேபில் இருந்த ஒரே ஸ்டூலில் டாக்டர் தங்கசாமி உட்கார்ந்திருந்தார். அந்த அறைக்கு அவர் வந்ததே அன்றுதான். பழனியம்மாள் கதவோரம் நின்றாள். மேஜையில் இரண்டு குழாய்கள். ஒன்று, அன்று காலையில் வந்தது: தெளிவு. மற்றது, நேற்றுப் பிற்பகல் அவளே பிடித்தது: கெட்டி வெள்ளை.

“ரெண்டும் ஒரே குழந்தையா?” என்றார் டாக்டர்.

“இல்லைங்க. ரெண்டாவதுதான் பாவாயி.”

“அப்ப முதல்ல இருக்கிறது யாரு?”

ஷஹர்பானுவுக்கு நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை. குழாயைப் பார்த்துக்கொண்டே பேசினாள். சீசாவுக்குரியவர் பெரிய ஆள். சர்க்கரை கடுமையாக இருக்கிறது, அந்த ஆளுக்கே அது தெரியாது. சர்க்கரை அப்படி இறங்கினால் தாகம் அடங்காது. ஒரே ராத்திரியில் வார்டுப் பானையைக் காலி செய்கிற தாகம். தின்றாலும் உடம்பில் ஒட்டாது. ரவிக்கையை ஊக்கு போட்டு இறுக்கவேண்டி வரும். காலில் பட்ட சின்னக் காயம் ஆறாது, துணி சுற்றியே வைத்திருக்க வேண்டும்.

“இவ்வளவும் நாம எல்லாரும் பாத்ததுதாங்க. பிள்ளை கவலையில இளைச்சுட்டான்னு சொல்லிட்டு, பிள்ளையைப் பாக்கப் போயிட்டோம்.”

டாக்டர் ஸ்டூலை விட்டு எழுந்தார். “தாயா? பெத்தவ எதுக்கு இப்படிப் பண்ணணும்?”

ஷஹர்பானு சொம்பைப் பற்றிச் சொன்னாள். பிள்ளையின் தலைக்கு எண்ணெய் இல்லை, சொம்பில் இருக்கிறது. மயில்சாமி வைத்தியர் காலை வெயிலில் மூத்திரத்தைக் கிண்ணத்தில் ஊற்றி, நல்லெண்ணெய் ஒரு சொட்டு விட்டு, அது பரவுகிறதா நிற்கிறதா என்று பார்த்து நோய் சொல்லிவிட்டு, அதைத் திரும்பச் சொம்பிலேயே ஊற்றிக் கொடுத்து அனுப்புகிறவர். அதற்கு விடிந்ததும் வருகிற முதல் நீர் வேண்டும். அதில் பங்கு பிரித்து வேறு யாருக்கும் கொடுத்திருக்கக் கூடாது என்பது அவருடைய கண்டிப்பு. செவ்வாய்ப்பேட்டையில் எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக்கும் வேண்டியது அதே முதல் நீர்தான். இருப்பதோ இரண்டு விரல் உயரம். ஒரு பக்கம் கொடுத்தால் இன்னொரு பக்கம் சீசா காலி.

கண்ணாத்தாளைக் கூப்பிட்டார்கள். குழாய்களைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. மறைக்கவில்லை. புதன்கிழமையிலிருந்து பிள்ளையுடையதை வைத்தியருக்கும், தன்னுடையதை ஆஸ்பத்திரிச் சீசாவுக்கும் கொடுத்திருக்கிறாள். வைத்தியர் ஐந்து நாள் பார்த்த பிறகுதான் மருந்து என்று சொல்லியிருந்தார். இன்னும் எதுவும் தரவில்லை.

“என்னுதக் குடுத்தா என்ன தப்புன்னு நெனச்சனுங்க. எம்பட வயித்துல கெடந்த புள்ளை. என்னுதும் அவுளுதும் ஒரே ரத்தந்தானுங்களே.”

“டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா,” என்றாள் பழனியம்மாள்.

“இங்க சீசாவ வாங்கிட்டுப் போறீங்க, சீட்டு எழுதறீங்க. என்ன இருக்குது, என்ன இல்லைன்னு எங்கிட்ட யாரும் சொல்றதில்லீங்க. அந்த வைத்தியரு எண்ணெய ஊத்தி, இங்க பாரம்மா, நின்ன எடத்துல நிக்குது பாருன்னு எனக்குக் காட்டுனாருங்க. அதுக்காகத்தான் போனனுங்க. வேற ஆரும் இல்லீங்க எனக்கு.”

டாக்டர் சட்டைப் பையிலிருந்து டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்தார், இரண்டாகக் கிழித்தார்.

பிறகு ஷஹர்பானு அவளுக்குச் சர்க்கரை இருப்பதைச் சொன்னாள். இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஊசி போடுவார்கள், இனி விட்டால் ஆளையே சாய்த்துவிடும் என்று ஒன்றையும் குறைக்காமல் சொன்னாள். கண்ணாத்தாள் அழுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் ஊக்குப் போட்ட ரவிக்கையைத் தடவிக்கொண்டாள்.

“எட்டு மாசமாத் தண்ணி தவிச்சுத் தவிச்சு ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடக்கறனுங்க. உனக்கு என்ன பண்ணுதுன்னு ஒரு சனம் கேட்டதில்லீங்க. இந்தச் சீசாதான் கேட்டிருக்குது.”

உனக்கு என்ன என்று யாரும் கேட்காமல் இருப்பது ஷஹர்பானுவுக்கும் தெரிந்த விஷயம், எட்டு மாதம் இல்லை, ஒன்பது வருடம். இந்த ஆஸ்பத்திரியில் மாடியில் ஒருத்தியும் மாடிப்படிக்குக் கீழே ஒருத்தியும் ஒரே மாதிரி இருந்திருக்கிறார்கள். நடுவில் பதினெட்டுப் படிதான்.

ராமாயி துணைக்குப் போவதாக ஏற்பாடாயிற்று. கண்ணாத்தாள் நகரவில்லை. பாவாயியை யார் பார்ப்பது என்று கேட்டாள். அவள் திரும்பி வரும்வரை ஏழாம் கட்டிலில் தான் இருப்பதாக ஷஹர்பானு சொன்னாள். வீட்டுக்குப் போகவேண்டாமா அக்கா என்றாள் கண்ணாத்தாள். வீட்டில் யாரும் இல்லை என்றாள் ஷஹர்பானு. அதற்குமேல் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

டாக்டரும் பழனியம்மாளும் மேலே போனார்கள். நேற்றைய சீசாவில் கொஞ்சம் மீதி இருந்தது. ஷஹர்பானு அதைப் புதுக் குழாயில் ஊற்றி, இடுக்கியில் மாட்டி, கண்ணாத்தாளின் கையில் கொடுத்தாள். ஸ்பிரிட் விளக்கை அவள் பக்கம் நகர்த்தினாள்.

“மேல் பக்கத்தை மட்டும் காட்டு. பயப்படாதே, நான் பிடிச்சுக்கறேன்.”

கண்ணாத்தாள் குழாயைச் சுடரில் காட்டினாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சின்னச் சின்னக் குமிழ்கள். அப்புறம் குழாயின் மேல்பாதி மெல்ல வெளுத்து, கெட்டியாகி, அந்தப் பக்கம் இருந்த ஜன்னலே தெரியாமல் மறைந்துபோயிற்று. சூடு படாத கீழ்ப்பாதி தெளிவாகவே இருந்தது. உடம்பில் இருக்க வேண்டியது இப்படி ஒழுகிப்போகிறது என்று ஷஹர்பானு வெள்ளையின்மேல் விரல் வைத்துக் காட்டினாள். கண்ணாத்தாள் மூச்சுவிடாமல் பார்த்தாள்.

“இதா எம்பட புள்ளையோடது?”

“இதுதான்.”

“இது தெளியற வரைக்கும் மாத்திரை குடுக்கோணுமுங்களா?”

“ஆமா.”

கண்ணாத்தாள் குழாயைத் தாங்கியில் வைத்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு படியேறினாள். மேலே டாக்டர் பாவாயியின் கட்டிலருகே நின்று எழுதிக்கொண்டிருந்தார். அவரிடம் அவள் இதுவரை ஒரு வார்த்தையும் தானாகப் பேசியதில்லை.

“மாத்திரையக் கொறைக்காதீங்க டாக்டர்,” என்றாள். “இன்னும் கெட்டியாத்தான் இருக்குதுங்க. நானே பாத்தேன்.”